விருந்தினர் அறைச் சோபாவின் மெய்த்தன்மை குறித்து

எங்கே நிற்பது? சோபாவுக்குப் பக்கத்தில் நின்றால் செய்தவள் மாதிரி இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் நின்றால் ஓடப் பார்க்கிறவள் மாதிரி இருக்கும். ஜன்னலோரம் போனால் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள் என்பார்கள். கையைக் கட்டிக்கொண்டால் குற்ற உணர்ச்சி, தொங்கவிட்டால் திமிர். மாதாவே, ஏழெட்டுக் கட்டில் போடக்கூடிய இந்த அறையில் ஒரு பொம்பளை நிற்பதற்கு இடம் இல்லையே.

இப்படி யோசித்து யோசித்து மேரிசெல்வி கடைசியில் ஏ.சி.க்கு நேர் கீழே போய் நின்றாள். அந்த ஏ.சி. ஒழுகுகிற ஏ.சி. ஒரு சொட்டு அவள் வகிட்டில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. இனிமேல் நகர்ந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் சொல்வார்கள் என்று பயந்து அப்படியே நனைந்துகொண்டு நின்றாள்.

எதிரே கருவைரம் அதிகாரிகள் மனமகிழ் மன்றத்தின் ஆய்வுக் குழு நின்றுகொண்டிருந்தது. குழுவுக்கு முன்னால் கறுப்பு சோபா கிடந்தது. மூன்று பேர் உட்காரும் நீளம். அதன் நடுப்பகுதியில் கறுப்பு மேல்பூச்சு உரிந்து, வெயிலில் காய்ந்த சேறு மாதிரி பாளம் பாளமாக நின்றது.

நெய்வேலி நகரியத்தின் குடியிருப்பு வட்டங்களில் மரங்கள் அடர்ந்த ஒன்றில் இருக்கிறது அந்த மன்றம். மனம் மகிழ்வதற்காகவே கட்டப்பட்டது என்பதால் அங்கே மகிழ்ச்சிக்குச் சில ஒழுங்குமுறைகள் உண்டு. உதவி மேலாளர் தன் மேலாளரைக் கேரமில் ஜெயிக்கலாம். சிவப்புக் காயைப் போட்டு ஜெயிக்கக் கூடாது. பூப்பந்தில் பொது மேலாளர் அடிக்கிற பந்து கோட்டுக்கு வெளியே விழுவதில்லை. விழுந்தால் கோடுதான் சரியில்லை என்று அடுத்த வாரம் கோட்டைத் திருத்திப் போடுவார்கள். சீட்டாடும் அறையில் சத்தமாகச் சிரிக்கலாம், மூத்தவர் முதலில் சிரித்த பிறகு. இதெல்லாம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் எழுதவேண்டிய அவசியம் வரவில்லை.

மேரிசெல்வி அங்கே கான்ட்ராக்டில் வேலை பார்த்தாள். காடாம்புலியூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்து, கூட்டி, துடைத்து, டீ கொடுத்து, மாலையில் திரும்புவாள். வீட்டுக்காரர் இன்னாசிமுத்து முந்திரிக்கொட்டை உடைக்கிற பட்டறையில் இருந்தார். சீசன் இருந்தால் அவருக்கு வேலை இருக்கும், சீசன் இல்லாவிட்டால் அவளுக்கு மட்டும்தான் வேலை இருக்கும். மகள் மெர்லின் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே மேரிசெல்வியின் வேலை, அது எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும், அந்த வீட்டுக் கூரையைத் தாங்குகிற மரம்.

சிறப்பு விருந்தினர் அறைச் சோபாவைத் தினமும் துடைப்பது அவள் பொறுப்பு. அதில் உட்காரக் கூடாது என்பது விதி. அந்த விதி அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அத்தனை பெரிய வழவழப்பான கறுப்புப் பொருள் ஒன்று தன் கையால் பளபளக்கிறது என்பதில் அவளுக்கு ரகசியமான ஒரு பெருமை. துணியைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு தடவை பிழிந்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி மூலை மூலையாகத் துடைப்பாள்.

சங்கடம் ஆண்டு விழாவில் வந்தது. டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். வெள்ளை வெளேரென்று பேண்ட். மேடைக்குப் போவதற்கு முன் சோபாவில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். அன்றைக்கென்று நல்ல புழுக்கம், கரண்டும் போய்விட்டது. ஊருக்கெல்லாம் கரண்டு தயாரிக்கிற ஊரில் கரண்டு போனது குறித்து அவர் ஒரு நகைச்சுவை சொன்னார்; எல்லாரும் வரிசைப்படி சிரித்தார்கள். அப்புறம் எழுந்து மேடைக்குப் போய், சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து குத்துவிளக்கு ஏற்றினார்.

சோபாவின் நடுப்பகுதி அவருடன் மேடைக்குப் போயிருந்தது. வெள்ளைப் பேண்டின் பின்புறத்தில் உலக வரைபடம் மாதிரி கறுப்புக் கறுப்பாகக் கண்டங்கள். குத்துவிளக்குக்கு ஐந்து முகம். ஒவ்வொரு முகத்துக்கும் அவர் தனித்தனியாகக் குனிந்தார். சபை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அதைத் தவிர வேறு என்ன செய்வதென்று யாருக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அவர் குனிந்த படம் வாட்ஸப்பில் எல்லா வட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் சமையல்கட்டில் டீ மாஸ்டர் இசக்கிமுத்து சொன்னார்: "யம்மா, நான் போயிப் பாத்தேன். உரிஞ்ச எடத்துல வெள்ளையா வலத்துணில்லா தெரியுது. மாட்டுக்குள்ள ஏதும்மா துணி? நான் எங்கூர்ல எத்தனையோ மாடு பாத்துருக்கேன், ஒரு மாடும் பனியன் போட்டுப் பொறக்கல."

"அப்ப அது தோலு இல்லியாண்ணே?"

"ரெக்சினு. எங்க வேணாலும் போயிச் சொல்லு."

மேரிசெல்விக்கு முதலில் சோபாவை நினைத்து வருத்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் தன்னை நினைத்து வருத்தப்பட வேண்டும் என்பது தெரிந்தது.

மன்றத்தின் செயலாளர் சோமசுந்தரம்தான் அந்த சோபாவை வாங்கியவர். அதற்காக மூன்று பேர் கொண்ட தூதுக்குழுவோடு சென்னைக்குப் போய், இரண்டு இரவு தங்கி, மகாபலிபுரம் பார்த்து, கடைசி நாள் மதியம் சோபாவும் பார்த்து வந்தவர். இத்தாலித் தோல் என்று அறிவித்து அதற்குத் திறப்பு விழா நடத்தி ரிப்பன் வெட்டியவர். இப்போது அவர் மன்றத் தலைவரிடம் நிலைமையைத் தெளிவாக விளக்கினார்.

"இதுல ரெண்டே வாய்ப்புதான் சார். அசல் தோல்னு வைங்க, அசல் தோல் உரியாது. உரிஞ்சிருக்குன்னா பராமரிப்புல தப்பு. பினாயில், ஆசிட், ஏதோ போட்டுத் தொடச்சிருக்காங்க. அந்தம்மாவ அனுப்பிட வேண்டியதுதான். போலின்னு வைங்க..." இங்கே அவர் கொஞ்சம் நிறுத்தினார். "போலின்னு வைக்க முடியாது சார். வாங்கினது நானு."

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை என்றாலும் ஜனநாயகம் கருதி ஒரு குழு போடப்பட்டது. இருக்கை மெய்த்தன்மை ஆய்வுக் குழு. மன்றத் தலைவர் செங்குட்டுவன் தலைமை. சுரங்கத்திலிருந்து மதிவாணன், அனல்மின் நிலையத்திலிருந்து கொளஞ்சியப்பன். அழைப்பாளராக சோமசுந்தரமே. மேரிசெல்வியை எந்தப் பெயரில் சேர்ப்பது என்று தெரியாமல் 'சூழ்நிலை' என்று சேர்த்திருந்தார்கள்.

அப்படித்தான் அவள் ஏ.சி.க்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "நண்பர்களே, ஒரு நிறுவனத்தின் மானம் அதன் இருக்கையில் இருக்கிறது. நான் இந்த மன்றத்துக்கு வந்த நாளிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்வதைத் தவிர வேறு எதையும் நான் எதிர்பார்த்ததில்லை, செய்ததுமில்லை. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, நீ உட்கார்ந்தது போலி என்று ஒரு சோபா சொல்லுமானால், அது சோபாவின் பிரச்சினை மட்டும் அல்ல."

மூவரும் தலையாட்டினார்கள்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு சந்தேகம் சோமு. எங்க வீட்ல முட்டை வாசனைகூட ஆகாது. இது அசல்னா... எந்த மாடு?"

"எருமை சார். இத்தாலி எருமை. பசு வாடையே கிடையாது."

"எருமைன்னா சரி. ஆனா வீட்ல கேட்டா ரெக்சின்னு சொல்லிடுங்க. மன்றத்துக்குத் தோல், வீட்டுக்கு ரெக்சின். இது அறிக்கையில வர வேண்டாம்."

சோபாவைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கொளஞ்சியப்பன் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அறை சில்லிட்டது. தலைவர் உட்கார்ந்த இருக்கையைக் கவிழ்ப்பதா? அதுவும் மன்றத் தேர்தலுக்கு முந்தின மாதத்திலா? கொளஞ்சியப்பன் உடனே, "கவிழ்க்கக் கூடாதுன்னுதான் சார் சொல்ல வந்தேன்," என்று திருத்திக்கொண்டார்.

மதிவாணன் அதுவரை மேரிசெல்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். அவரே கனிவாகக் கேட்டார்: "எந்த ஊரும்மா நீ?"

"காடாம்புலியூருங்க சார்."

"பேரு மேரிசெல்வி... அப்படின்னா உங்க ஆளுங்களுக்குத் தோலப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்குமே. பரம்பரையா கை பழகினது இல்லியா. தொட்டுப் பாத்துச் சொல்லேன்."

ஏ.சி. அவள் வகிட்டில் இன்னொரு சொட்டுப் போட்டது.

"எங்க வூட்ல எல்லாரும் முந்திரிக்கொட்ட ஒடைக்கறவங்க சார்," என்றாள் மேரிசெல்வி. "வேணும்னா முந்திரி அசலா இல்லியான்னு சொல்றேன்."

"சேச்சே, நான் தப்பாக் கேக்கலம்மா. நான் எல்லாரையும் சமமாப் பாக்கறவன். அதனாலதான் உன்கிட்ட மட்டும் தனியாக் கேட்டேன்."

அந்த வாக்கியத்தை அவள் அன்று பஸ்ஸில் போகும்போது திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது மரியாதை மாதிரியே இருந்தது, ஆனால் உள்ளே எங்கோ குத்தியது. கோபப்படலாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கோபப்பட வேண்டுமானால் அவர் கொஞ்சம் குரலை உயர்த்தியாவது பேசியிருக்க வேண்டும். இவ்வளவு கனிவாகப் பேசுகிறவர்மேல் கோபத்தை எங்கே வைப்பது? மடியில் இருந்த சாப்பாட்டுத் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த அமர்வில் எரிப்புச் சோதனை. உண்மையில் அதுவும் அமர்வு இல்லை. எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள். அசல் தோலை எரித்தால் முடி கருகிய நாற்றம் வரும், போலியை எரித்தால் பிளாஸ்டிக் நாற்றம் வரும் என்று சோமசுந்தரத்தின் மருமகன் கூகுளில் பார்த்துச் சொல்லியிருந்தார். மணல் வாளிகள் வந்தன. எல்லாரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டார்கள். தலைவருக்கு வெள்ளை ஹெல்மெட், மற்றவர்களுக்கு மஞ்சள். மேரிசெல்விக்கு ஹெல்மெட் ஒதுக்கீடு இல்லாததால் தீக்குச்சியைப் பற்றவைக்கிற பொறுப்பு தரப்பட்டது.

சோபாவின் பின்பக்கக் கிழிசலிலிருந்து நகக்கண் அளவு துண்டு எடுத்துக் கிடுக்கியில் பிடித்து எரித்தார்கள். கறுப்புப் புகை சுருண்டு எழுந்தது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தார்கள்.

"மேல்மண் வெட்டறப்ப வர்ற வாசனை சார்," என்றார் சுரங்கத்து மதிவாணன். "ஈர மண்ணு. தெளிவா இருக்கு."

"இல்ல சார், சாம்பல்," என்றார் அனல்மின் நிலையத்துக் கொளஞ்சியப்பன். "நம்ம கொதிகலன் சாம்பல்தான். நான் தூக்கத்துலகூடச் சொல்லிடுவேன்."

"எருமை!" என்றார் சோமசுந்தரம். கண்ணில் நீர் வந்துவிட்டது. "எருமைதான் சார்! கத்துற மாதிரியே இருக்கு!"

தலைவருக்குச் சளி. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "எனக்கு மணக்கல. எனக்கே மணக்கலன்னா அது உயர்தரமாத்தான் இருக்கணும்."

ஊரில் ஒவ்வொரு மூக்கும் ஒவ்வொரு யூனிட்டில் பணி செய்வதால் முடிவு எட்டப்படவில்லை. நடுநிலை மூக்கு ஒன்று வேண்டும் என்று மேரிசெல்வியைக் கூப்பிட்டார்கள்.

"பிளாஸ்டிக் பக்கெட்டு எரிஞ்சாப்ல கீதுங்க சார்," என்றாள் அவள். மனதில் வந்தது வாயில் வந்துவிட்டது.

சோமசுந்தரம் பாய்ந்து பிடித்தார். "பாத்தீங்களா சார்! பக்கெட்ட எரிச்ச பழக்கம் இருக்கு இவங்களுக்கு! இப்படிப்பட்டவங்க சோபாவ என்ன பண்ணியிருப்பாங்க?"

அன்றைக்கு அவள் பஸ்ஸில் உட்கார்ந்து, நான் எப்போதாவது பக்கெட்டை எரித்தேனா என்று யோசித்துப் பார்த்தாள். எரிக்கவில்லை. மாதா கோவில் தெருவில் யாரோ எரித்தது. ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தால் எரித்தது மாதிரிதான் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது. ஒருவேளை என்றைக்காவது, வேறு ஞாபகத்தில், தரை துடைக்கிற துணியாலேயே சோபாவையும் துடைத்துவிட்டேனோ? இல்லை. இல்லை என்று எப்படித் தெரியும்? நல்லவர்கள் நான்கு பேர் நீ செய்தாய் என்று நம்பும்போது, செய்யவில்லை என்று ஒருத்தி மட்டும் தனியாக நினைத்துக்கொண்டிருப்பது அகம்பாவம் மாதிரியே தோன்றியது. இரவு சோறு போடும்போது இன்னாசிமுத்து, "இன்னா மேரி, மொகம் ஒரு மாதிரி கீது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, சோபாவுக்கு ஒடம்பு சரியில்ல," என்றாள்.

மூன்றாவது அமர்வில் நீர்ச் சோதனை. அசல் தோல் ஒரு துளித் தண்ணீரை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ரெக்சின்மேல் துளி முத்து மாதிரி அப்படியே நிற்கும். மிகவும் எளிதான சோதனை. ஆனால் துளியைக் கண்காணிக்க ஆள் வேண்டும். நெய்வேலியில் எதைக் கண்காணிப்பதானாலும் ஒரே வழிதான்: மூன்று ஷிப்ட் போட்டார்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் மன்றத்தின் இளம் உறுப்பினர்களில் ஒரு பொறியாளர் பொறுப்பு. சோபாவின் கைப்பிடியில் தலைவர் தன் கையாலேயே முதல் துளியை வைத்தார். கைதட்டினார்கள்.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது. வேறு எந்த ஊர்க்காரர்களும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது.

ஷிப்ட் வேலை பார்த்தவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய ஒரு பயம் உண்டு. எது போனாலும் தன் ஷிப்டில் போகக் கூடாது. முதல் ஷிப்ட் பொறியாளர் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுப் பார்த்தபோது ஏ.சி. காற்றில் துளி பாதியாகியிருந்தது. உறிஞ்சிவிட்டதா, உலர்ந்துவிட்டதா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அடுத்த ஷிப்டுக்காரரிடம் பாதித் துளியை எப்படி ஒப்படைப்பது? விரலைத் தம்ளரில் தொட்டு ஒரு சொட்டு வைத்துச் சரிசெய்தார். இரண்டாம் ஷிப்டுக்காரரும் அப்படியே. மூன்றாவதுக்காரர் மனசாட்சி உள்ளவர், குறைந்துவிடக் கூடாதே என்று இரண்டு சொட்டாக வைத்தார். இப்படி வாரம் முழுக்க ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், துளியைக் காப்பாற்றினார்கள். காலையில் துடைக்க வருகிற மேரிசெல்விக்கு மட்டும் அது நாளுக்கு நாள் வளர்வது தெரிந்தது. சொல்லலாமா என்று நினைத்தாள். துளி வளர்ந்ததற்கும் தன்னையே காரணம் சொல்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள்.

வார இறுதியில் குழு வந்து பார்த்தபோது கைப்பிடியில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுமளவுக்குத் தண்ணீர் நின்றிருந்தது.

"இழப்பு எதுவும் இல்லை சார்," என்று மூன்று பொறியாளர்களும் நெஞ்சை நிமிர்த்தினார்கள். "உற்பத்தி கூடியிருக்கு."

சோமசுந்தரத்தின் முகம் வெளுத்துவிட்டது. துளி நின்றால் ரெக்சின் அல்லவா? "அடப்பாவிங்களா, அதைக் காப்பாத்தச் சொல்லலியே! உறிஞ்ச விடத்தானே சொன்னோம்!"

"எங்க ஷிப்ட்ல எப்படி சார் விடுவோம்?" என்று கேட்டார்கள் அவர்கள், மனம் புண்பட்டு. தலைவர் தலையிட்டு, இதை ரெக்சினுக்குச் சாதகமான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, நெய்வேலித் தண்ணீரின் பெருமையாக எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பொறியாளர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோதனை. உடல் சூடு. அசல் தோலில் ஓர் உடம்பு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் தோல் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு இதமாகிவிடும். போலி சில்லென்று இருக்கும், அல்லது வியர்த்து ஒட்டும். ஆகவே யாராவது உட்கார வேண்டும்.

யார்? தலைவர் சோதனைப் பொருளாக முடியாது. சோமசுந்தரம் வாங்கியவர் என்பதால் அவருடைய சூட்டை நம்ப முடியாது. தலைவர் நிற்கும்போது மதிவாணனும் கொளஞ்சியப்பனும் உட்கார முடியாது. அப்படி உட்கார்ந்தால் வருகிற சூடு சோபாவினுடையதாக இருக்காது. தலைவருக்கு வேறு நாற்காலி போடலாமென்றால் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது.

எல்லாருடைய கண்ணும் மெல்ல ஏ.சி.க்குக் கீழே வந்து சேர்ந்தது.

"ஆனா இவங்க இதுல உக்காரக் கூடாதுன்னு விதி இருக்கே சார்," என்றார் கொளஞ்சியப்பன்.

தலைவர் சிறிது நேரம் கண்ணை மூடி யோசித்தார். "உட்கார்வதாகக் கருத வேண்டாம். வைக்கப்பட்டிருப்பதாகக் கருதுவோம். வெப்பமானி வைக்கிறதில்லையா, அந்த மாதிரி."

மேரிசெல்வி வைக்கப்பட்டாள்.

நுனியில்தான் உட்கார்ந்தாள். முழங்காலை ஒட்டி வைத்து, கையை மடியில் கோத்து, பஸ்ஸில் சீட்டுக்கு ஆள் வந்தால் எழுந்துவிடுகிறவள் மாதிரி. சோபா மெல்ல அமுங்கி ஒரு பெருமூச்சு விட்டது. இத்தனை வருஷமும் இந்தச் சோபாவில் உட்கார்வது எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்காமல் இருந்ததில்லை. ஏதோ மேகத்தில் உட்கார்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. உரிந்த இடத்தில் வலைத்துணி சேலையைப் பிடித்து இழுத்தது. தொடைக்குக் கீழே வியர்த்தது. ஆனால் முழங்கால் இரண்டுக்கும் சொல்ல முடியாத ஆறுதலாக இருந்தது. காலையிலிருந்து நிற்கிறோம் என்பது உட்கார்ந்த பிறகுதான் அவற்றுக்கே தெரிந்தது.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். இந்த உயரத்திலிருந்து அறை வேறு மாதிரி இருந்தது. நின்றால் முகங்கள்; உட்கார்ந்தால் நான்கு வயிறுகள். தலைவரின் சட்டையில் கடைசிப் பொத்தான் இல்லை, ஊக்கு குத்தியிருந்தது. சோமசுந்தரத்தின் கை பேண்ட் பாக்கெட்டுக்குள் சாவிக்கொத்தை விடாமல் உருட்டிக்கொண்டிருந்தது. இவருக்கும் பயம்தானா? என்னைவிடப் பயமா? அந்தக் கையைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் மதிவாணன். "சூடு வாங்குதா?"

"வேர்க்குதுங்க சார். ஒட்டுது."

"வேர்வை யாரோடது? உன்னோடதா, சோபாவோடதா?"

"தெரியலிங்க சார்."

குழு ஜன்னலோரம் போய்க் கூடிப் பேசியது. அவளை எழுந்திருக்கச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். நீண்ட நேரம் பேசினார்கள். திரும்பி வந்தபோது தலைவரின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"நண்பர்களே, எல்லாருக்கும் பொருந்துகிற முடிவு கிடைத்துவிட்டது. வாங்கும்போது இது அசல் தோல். அதில் சந்தேகம் இல்லை, ரிப்பன் வெட்டியிருக்கிறோம். இன்றைக்கு இது ரெக்சின். அதையும் மறுப்பதற்கு இல்லை. ஆகவே, அசலாக இருந்த தோல் பராமரிப்புக் குறைவால் நாளடைவில் போலியாக மாறிவிட்டது."

மூவரும் கைதட்டினார்கள். கொளஞ்சியப்பன், "அறிவியல்ல இதுக்கு இடம் இருக்கு சார். மரமே நிலக்கரி ஆகுதே," என்றார்.

சோமசுந்தரம் அவளுக்கு முன்னால் வந்து குனிந்தார். இவ்வளவு மென்மையாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"மேரிம்மா, பயப்படாத. உன்ன யாரும் அனுப்பப் போறதில்ல. ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. மைக்ல வந்து ஒரே ஒரு வார்த்தை. 'தெரியாம பினாயில் போட்டுத் தொடச்சிட்டேன், மன்னிச்சிடுங்க.' அவ்வளவுதான். தலைவர் அங்கேயே உன்ன மன்னிச்சிடுவாரு. மன்னிப்புக்குன்னே ஒரு சால்வை எடுத்து வெச்சிருக்கோம்."

"சொல்லலன்னா சார்?"

"சொல்லலன்னா..." அவர் நிமிர்ந்தார். "அப்புறம் கான்ட்ராக்டர் வேற ஆள் அனுப்புவாரு. நாங்க என்ன பண்ண முடியும்? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. எங்க, இப்ப ஒரு தடவ சொல்லிக் காட்டு."

மேரிசெல்வி அந்த வாக்கியத்தை வாய்க்குள்ளேயே வைத்துப் பார்த்தாள். அவள் பொய்யே சொல்லாதவள் இல்லை. டீ சூடாத்தான் இருக்கு சார். உங்க பேச்சு நல்லா இருந்துச்சி சார். பஸ்ஸு லேட்டு சார். இந்த அறையிலேயே எத்தனை சொல்லியிருக்கிறாள், எல்லாம் மோர் மாதிரி இறங்கியிருக்கின்றன. இதுவும் அந்த அளவு வாக்கியம்தான். சொன்னால் வேலை இருக்கும், மெர்லின் படிப்பு இருக்கும், சால்வை வேறு. சொல்லிவிட்டுப் போயேன் என்று அவளுக்குள் ஒருத்தி சொன்னாள். நல்ல புத்திசாலி அவள், இத்தனை வருஷமும் இந்தக் குடும்பத்தை நடத்தியவளே அவள்தான்.

ஆனால் வாக்கியம் நகரவில்லை. நாக்கில் கொட்டை மாதிரி கிடந்தது. ஏனென்று பார்த்தால், கண்ணுக்கு முன்னால் அவள் கை வந்து நின்றது. தண்ணீரில் துணியை நனைக்கிற கை, பிழிகிற கை, மூலைக்குப் போய்த் திரும்புகிற கை. அதை யாரும் பார்த்ததில்லை, பாராட்டியதில்லை. அசலோ போலியோ, அவள் துடைத்தது உண்மை. இவர்கள் கேட்பது சோபாவை இல்லை, அந்தக் காலை நேரங்களை. ஒரு வாரமாகத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு, சந்தேகம் எப்போது போனதென்று தெரியாமல் போயிருந்தது.

"சொல்லும்மா," என்றார் தலைவர். சட்டென்று, அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவருக்கு உறைத்தது. சோதனை முடிந்துவிட்டது, இனிமேல் அது வைக்கப்பட்டிருப்பது இல்லை, உட்கார்ந்திருப்பது. "முதல்ல எழுந்திரு. எழுந்து நின்னு சொல்லு. மன்னிப்பெல்லாம் நின்னுகிட்டுதான் கேக்கணும்."

நான்கு வயிறுகளும் காத்திருந்தன.

"உக்காந்துகினே சொல்றேங்க சார்," என்றாள் மேரிசெல்வி. குரல் அவளுக்கே கேட்காத அளவு மெல்லியதாக இருந்தது; ஆனால் நடுங்கவில்லை. "தண்ணியாலதான் தொடச்சேன். பினாயிலு போட்டேன்னு நான் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு, அதுவரை நுனியிலேயே இருந்தவள், கொஞ்சம் பின்னால் நகர்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.